72-இல் தொடங்கி 100-இல் முடிந்த எஞ்சின் மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பதினோரு வருடம் ஓடிய என் டீசல் காருக்கு எஞ்சின் மாற்றினேன். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, முன்சக்கர இழுவை, கையால் போடும் கியர். மீட்டரில் 1,68,000 கிலோமீட்டர். "எவ்வளவு ஆச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தொகையைச் சொன்னால் அது என் காருக்கும் என் பட்டறைக்கும் மட்டுமே பொருந்தும். அதனால் கடைசியாக நான் கொடுத்த மொத்தப் பணத்தை 100 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். பட்டறை முதலில் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 72. மீதி 28 ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. எஞ்சின் ஏன் போனது என்ற கேள்விக்கான விலைதான் அந்த 28-இல் பெரும்பகுதி.

எஞ்சின் போன விதம்

சில மாதங்களாகவே வண்டியை ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள்ளிருந்து 'சுப் சுப்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போது உள்ளே லேசாகப் புகை நாற்றம். இழுவை நன்றாக இருந்தது, மைலேஜும் குறையவில்லை. அதனால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. அதையும் சேர்த்தே விட்டேன்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு ஒரு முறை சிமிட்டி அணைந்தது. ஆயில் குறைந்திருக்கும், ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த நான்கு கிலோமீட்டர் இன்றும் மனதை உறுத்துகிறது. பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் இல்லையென்றால் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலம் போய்விடும். அதன்பின் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்க நிமிடங்கள் போதும். விளக்கு எரிந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தியபோது, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் கூடும் 'டக் டக்' சத்தம் ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து கட்டியிழுத்துத்தான் கொண்டுபோனார்கள்.

பட்டறையின் மூத்த மெக்கானிக் முதலில் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகர உறையை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை விரித்துக் காட்டினார். வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று பேரிங் துகள்கள். அழுத்தமானியை மாட்டி ஒரு சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்ததில் அரை பார் (அழுத்தத்தின் அளவு) கூட ஏறவில்லை. சூடான நிலையில் சும்மா நின்று ஓடும் எஞ்சினிலும் ஒரு பார் அளவாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சேம்பரை இறக்கினார்கள். ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் முக்கால் பங்கு, தார் போல இறுகிய கரியால் அடைபட்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தன் இடத்தைவிட்டுச் சுழன்று, கிராங்கை உழுதுவிட்டிருந்தது. சூட்டில் அந்த இடம் நீலம் பாய்ந்து கிடந்தது.

இங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள். எஞ்சின் போச்சு, மாற்றணும், அவ்வளவுதான் என்று. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "சார், இந்தக் கரி எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம நான் வேற எஞ்சின் ஏத்த மாட்டேன். அதுவும் இதே மாதிரிதான் போகும்" என்றார். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் இரண்டாவதைச் சுற்றி நிலக்கரி போல ஒரு கருப்புக் கட்டி ஒட்டியிருந்தது. "சுப் சுப்புன்னு சத்தம் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது அண்ணா என்றேன்.

ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சிறிய செம்பு வாஷர் இருக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே கசியாமல் அடைப்பது அதன் வேலை. இறுக்கும்போது அது நசுங்கி இடத்துக்கு ஏற்றபடி பொருந்திக்கொள்ளும். அதனால்தான் ஒரு முறைக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. பழையதையே திரும்பப் போட்டாலோ, அது உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் போட்டாலோ அந்த எரியும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். என் எஞ்சினில் அது எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்குள்ளும் புகுந்து ஆயிலைக் கரியாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கரி கீழே இறங்கி சல்லடையையும் டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயையும் அடைத்தது. டர்போ ஊளையிட்டது அதனால்தான். வீட்டுக்கு வந்து பழைய பில்களைப் புரட்டினேன். இரண்டு வருடம் முன்பு வேறொரு பட்டறையில் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதித்து மாட்டியதற்குக் கூலி போட்டிருக்கிறார்கள். வாஷர் என்று ஒரு வரி அந்தப் பில்லில் இல்லை.

நான்கு வழிகள், நான்கு விலைகள்

எஞ்சின் மாற்றுவது என்றால் ஒரே ஒரு பொருளை வாங்குவது என்று நினைத்திருந்தேன். கடையில் அதற்கே பல நிலைகள் உண்டு. பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் மட்டும் சேர்ந்தது அரை எஞ்சின். அதோடு சிலிண்டர் ஹெட், வால்வுகள், கேம் ஷாஃப்ட் சேர்ந்தால் முக்கால்வாசி எஞ்சின் கைக்கு வந்துவிடும். டர்போ, ஆல்டர்னேட்டர், பம்ப், மேனிஃபோல்டு எல்லாம் மாட்டியே வருவது முழு எஞ்சின். விலை கேட்கும்போது இதில் எது என்று கேட்காவிட்டால் இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிடவே முடியாது. எனக்கு வந்த மதிப்பீடுகளில் மிக மலிவாகத் தெரிந்தது அரை எஞ்சினுக்கானது. ஹெட் வேலையைத் தனியாகச் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போனது.

விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றிய எஞ்சினைப் பொருத்தித் தர ஒரு பட்டறை 48 சொன்னது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஓட்டக் கணக்கை உறுதிப்படுத்த வழியில்லை. உத்தரவாதம் ஒரு மாதம், அதுவும் எஞ்சினுக்கு மட்டும். ஒரு வேளை அது கோளாறாக இருந்தால் வேறு எஞ்சின் தருவார்கள், இறக்கி ஏற்றும் கூலியை நான் இரண்டாவது முறை கொடுக்க வேண்டும். கூலியே ஏறக்குறைய 20 என்னும்போது, 48 என்பது ஒரே தவறில் 68 ஆகிவிடும். இதே எஞ்சினில் இதே வாஷர் கோளாறு அந்தக் காரிலும் இருந்திருக்கலாம் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

என் எஞ்சினையே பிரித்துச் சரிசெய்ய 62 சொன்னார்கள். கிராங்கை கிரைண்டிங் கொடுத்து, அதற்கேற்ற அளவில் பேரிங் போட்டு, பிளாக்கைக் கழுவி, சிலிண்டர் துளைகளின் தேய்மானம் பார்த்து என்று நான்கு வாரம் ஆகும். நல்ல லேத் பட்டறை கைவசம் இருந்தால் இது மதிப்பான வழி. என் கிராங்கில் உழவு ஆழமாக இருந்ததால் கிரைண்டிங் கொடுத்தபின் போடும் குறைந்த அளவு பேரிங்குக்கு அது நிற்காது என்று அளந்து சொன்னார்கள். கிராங்கையும் மாற்றினால் கணக்கு வேறு.

தயாரிப்பாளரின் புத்தம் புது எஞ்சின், அதன் விலை மட்டுமே 90. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நான் எடுத்தது தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சின், ஹெட்டோடு சேர்ந்தது. 46. பிளாக்கை முழுக்கப் பிரித்து, கழுவி, அளந்து, தேய்மானமுள்ள பாகங்களை மாற்றி, சோதித்து அனுப்புகிறார்கள். இரண்டு ஆண்டு உத்தரவாதம். இதோடு இன்னொரு 11-ஐ முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. பழைய எஞ்சினைத் திருப்பி அனுப்பியதும் கிடைக்கும் வைப்புத்தொகை அது. அவர்களுக்கு அடுத்த எஞ்சினைப் புதுப்பிக்க மூலப்பொருள் என் பழைய எஞ்சின்தான். பிளாக் உடைந்திருந்தால் அந்தத் தொகை வராது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். அப்படி நடந்திருந்தால் இந்த 100 என்பது 111. பணம் மூன்று வாரம் கழித்து முழுமையாக வந்தது.

இவ்வளவு செலவழிக்கத் தகுதியான வண்டிதானா என்பதையும் எழுதிப் பார்த்தேன். ஓடும் நிலையில் விற்றால் 130 போகும். எஞ்சின் செத்த நிலையில் 40. ஆக, 100 செலவழித்தால் வண்டியின் மதிப்பு 90 ஏறுகிறது. காகிதத்தில் 10 நஷ்டம். ஆனால் 40-க்கு விற்றுவிட்டு அதே வயதுள்ள இன்னொரு வண்டியை 130-க்கு வாங்கினால், பெயர் மாற்றம், வரி எல்லாம் போக, அதன் இன்ஜெக்டரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வண்டியின் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பாடி எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். அந்தத் தெரிதலுக்கு 10 கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். கியர்பாக்ஸ் சத்தம் போட்டிருந்தாலோ, அடித்தளத்தில் துரு பிடித்திருந்தாலோ விற்றிருப்பேன்.

கூலி எதற்கு

மதிப்பீட்டில் 18 மணி நேர வேலை என்று போட்டு அதற்கு 19 எழுதியிருந்தார்கள். பெரும்பாலான பட்டறைகளில் இந்த மணிக்கணக்கு ஒரு அட்டவணையிலிருந்து வருகிறது. இந்த மாடலுக்கு இந்த வேலை என்றால் இத்தனை மணி. மெக்கானிக் அதைவிட வேகமாக முடித்தாலும் அதே கூலி, இழுத்தாலும் அதே கூலி. எனக்கு 18 மணி அதிகமாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை.

என் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்காக ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. மேலே தூக்க இடமில்லை. பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்கள், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர் முன்பகுதி எல்லாம் கழன்ற பிறகு, எஞ்சினுக்குக் கீழிருக்கும் சட்டமான சப்ஃபிரேமோடு சேர்த்துக் கீழே இறக்குகிறார்கள். ஏசி கம்ப்ரெசரை மட்டும் குழாயைப் பிரிக்காமல் ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். குழாயைப் பிரித்திருந்தால் வாயுவைப் பாதுகாப்பாக உறிஞ்சி எடுத்து மறுபடி நிரப்பும் செலவு சேர்ந்திருக்கும். இது இறக்கும் பாதி. அடுத்த பாதி யாரும் கணக்கில் வைக்காதது: பழைய எஞ்சினில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றுவது. உயரழுத்த பம்ப், இன்ஜெக்டர்கள், மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், ஒவ்வொரு சென்சர், ஒவ்வொரு வயர் கிளிப். இறக்குவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அந்த 28

கட்டியிழுத்த செலவு 1. அது விடுவோம்.

டர்போ 10. ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது, ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது. கரி அடைத்த குழாயோடு ஓடிய டர்போவின் ஷாஃப்டில் கையால் ஆட்டினாலே ஆட்டம் தெரிந்தது. அதைப் புது எஞ்சினில் மாட்டினால் உடைந்த துகள்கள் ஆயில் வழியாக உள்ளே போகும். புதுப்பித்த டர்போ, ஆயில் போகும் குழாய், திரும்பும் குழாய் மூன்றும் சேர்ந்துதான் 10.

ஆயில் கூலரும் புது சல்லடைக் குழாயும் 3. கூலருக்குள் இருக்கும் சந்துகள் மிக நெருக்கமானவை. பழைய எஞ்சினின் பேரிங் துகள் அங்கே தங்கியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது. புது எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் அது கிளம்பி வரும். மாற்றி வைத்த எஞ்சின் சில ஆயிரம் கிலோமீட்டரில் போய்விட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம் இப்போது எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் இதுதான்.

இன்ஜெக்டர் கணக்கு 4. நான்கையும் சோதனை மேடையில் வைத்துப் பார்த்தார்கள், நல்ல நிலையில் இருந்தன. புது வாஷர், புது போல்ட், அப்புறம் அழுத்தமேறிய டீசல் நிற்கும் பொதுக் குழாயான ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் நான்கு இரும்புக் குழாய்கள். டீசல் அந்தக் குழாய்க்குள் 1,600 பார் அளவுக்கு அழுத்தத்தில் போகிறது. ஒரு முறை தளர்த்தினால் மாற்றிவிடுங்கள் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்வதற்கு அதுவே காரணம். இன்ஜெக்டர்களை அந்தந்த சிலிண்டரிலேயே திரும்பப் போட்டதால் கம்ப்யூட்டரில் அவற்றின் குறியீட்டு எண்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடம் மாறியிருந்தால் அதுவும் ஒரு வேலை.

கிளட்ச் 7. இது நானாகச் சேர்த்தது, எஞ்சின் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தேய்மானம் பாதிக்கு மேல் இருந்தது. கியர்பாக்ஸ் எப்படியும் பிரிந்து கிடக்கிறது. ஒரு வருடம் கழித்துத் தனியாகப் போட்டால் கூலியே இன்னொரு 6 ஆகியிருக்கும். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்குகளில் கிழிந்திருந்த ஒன்றும் இதே நியாயத்தில் 1.

கூலியில் கூடிய 2, இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவியதற்கு. தேய்ந்த டர்போ ஆயிலைக் காற்றுக் குழாய்க்குள் தள்ளியிருந்தது. இன்டர்கூலருக்குள் ஒரு தம்ளர் அளவு ஆயில் தேங்கியிருந்தது. டீசல் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். புது எஞ்சினை முதல் நாளே அப்படி இழக்க முடியும்.

முழுக் கணக்கு இதுதான்: எஞ்சின் 46, கூலி 21, டர்போ 10, கிளட்ச் 7, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மவுண்டிங் சேர்த்து 5, இன்ஜெக்டர் 4, கூலரும் சல்லடையும் 3, ஆயில், கூலன்ட், ஃபில்டர், கேஸ்கெட் 3, கட்டியிழுத்தது 1. பாகம் வர ஒன்பது நாள், வேலை நான்கு நாள். அந்த நாட்களில் வேறு வண்டிக்குக் கொடுத்த 6-ஐ இதில் சேர்க்கவில்லை.

இந்த 28-க்காகப் பட்டறை மேல் எனக்குக் கோபமில்லை. மதிப்பீடு ஆயில் சேம்பரை இறக்குவதற்கு முன்பே, தொலைபேசியில் நான் அவசரப்படுத்திக் கேட்டதால் எழுதியது. சேர்ந்த ஒவ்வொரு வரிக்கும் முன்பு பாகத்தைக் காட்டி, ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். சோதனைக்கு வாங்கிய இரண்டு மணிக் கூலியையும் கடைசியில் கழித்துக்கொண்டார்கள். மறுபடி செய்ய நேர்ந்தால் அந்த இரண்டு மணிக் கூலியை முதலில் கொடுத்து, காரணம் தெரிந்தபின்தான் மதிப்பீடு கேட்பேன்.

உத்தரவாதத் தாளில் இருந்தது

எஞ்சினோடு வந்த தாளை மெக்கானிக்கே படிக்கச் சொன்னார். புது ஆயில் கூலர், புது டர்போ ஆயில் குழாய் வாங்கியதற்கான பில், தொழில்முறைப் பட்டறையில் பொருத்தியதற்கான பில், 1,000 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்றியதற்கான பில். மூன்றும் இல்லையென்றால் உத்தரவாதம் செல்லாது. ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறு உலோகப் பொட்டு ஒட்டியிருக்கிறது. எஞ்சின் சுமார் 120 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அதன் நடுப்பகுதி உருகிவிடும், பிறகு எஞ்சின் கொதிக்கவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. நான் குறிப்பாகக் கேட்டது கூலியைப் பற்றி. எஞ்சின் கோளாறானால் மறுபடி இறக்கி ஏற்றும் கூலியையும் தருவார்களா? தருகிறார்கள், ஆனால் அவர்கள் நிர்ணயித்த மணி விலையில். என் பட்டறையின் விலையில் அது பாதிதான்.

பல நாடுகளில் எஞ்சின் எண் வண்டியின் பதிவுச் சான்றிதழில் இருக்கும். பிளாக் மாறினால் எண்ணும் மாறுகிறது. பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவித்துத் திருத்த எஞ்சின் வாங்கிய பில் தேவைப்படும். விற்கும் நாளில் தேடாமல் அன்றே செய்துவிட்டேன்.

ஸ்டார்ட் செய்த நாள்

புது எஞ்சினை நேராகச் சாவி திருப்பி எழுப்பவில்லை. மெக்கானிக் முதலில் டர்போவின் ஆயில் துளையில் கையால் ஆயில் ஊற்றினார். இன்ஜெக்டர்களின் வயரைப் பிடுங்கிவிட்டு, எரிபொருள் இல்லாமல் ஸ்டார்டரால் மட்டும் சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்றினார். சிவப்பு விளக்கு அணைந்து, அழுத்தமானியின் முள் எழுந்த பிறகுதான் வயரை மாட்டினார். நான்காவது சுற்றில் எழுந்தது. விசிறி ஓடும்வரை சூடாக்கி, கூலன்டில் இருந்த காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு இணைப்பாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

முதல் 1,000 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், முழு மிதி மிதிக்காமல் ஓட்டினேன். ஆயில் மாற்றியபோது அவர் பழைய ஃபில்டரை மறுபடி அறுத்து விரித்தார். மடிப்புகளில் மினுக்கம் எதுவும் இல்லை. அதைப் பார்க்கும்வரை அந்த 100-ஐச் சரியாகச் செலவழித்தேன் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்போது 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே ஆயில் அளவுகோலில் குறைவு தெரியவில்லை. மாதம் ஒரு முறை பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, நான்கு இன்ஜெக்டரின் அடியையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். போன வாரமும் துணி வெள்ளையாகவே இருந்தது.